கூலிக்காசில் விளைந்த தலைமை

நம் சங்கத்தின் பொதுக்குழு சென்ற ஆண்டு கூடியபோது ஒரு விண்ணப்பம் வந்தது. நகராட்சியில் ஒப்பந்தக் கூலியாகத் துப்புரவுப் பணி செய்யும் இளைஞர் ஒருவர் எழுதியிருந்தார். தொழிலாளர் சட்டங்களைப் பற்றியும் சங்கம் நடத்தும் முறையைப் பற்றியும் பத்து நாள் பயிற்சி ஒன்று நடைபெறுகிறது. அதற்குச் செல்ல வழிச்செலவும், அந்நாட்களில் இழக்கும் கூலிக்கு ஈடாக ஒரு சிறு தொகையும் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நாம் நெடுநேரம் பேசினோம். கல்லூரிக் கட்டணம் என்றால் ரசீது உண்டு, தேர்வு உண்டு, மதிப்பெண் பட்டியல் உண்டு. இதற்கு என்ன உண்டு என்று கேள்வி எழுந்தது. ஏழைகள் மாதந்தோறும் கொடுக்கும் காசை இப்படிச் செலவிடலாகாது என முடிவாயிற்று. அவ்வாறு கூறி மறுத்தவர்களுள் நானும் ஒருவன். வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு குழுவினர் பணித்தபோது, அந்த விண்ணப்பமே என் நினைவில் நின்றது. ஆகவே, உழைப்போரிடையே தலைவர்களை உருவாக்கப் பணம் கொடுத்தவர் யார், அப்பணம் என்ன செய்தது என்பதை ஒரு வரலாற்றைக் கொண்டு ஆராய முற்பட்டேன். அவ்வரலாறு அமெரிக்க நாட்டில் ரயில்வண்டிகளில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர்களுடையது.

நம் நாட்டு ரயில் நிலையங்களில் சிவப்புச் சட்டை அணிந்து சுமை தூக்குவோரைப் போர்ட்டர் என்கிறோம். இங்கே நாம் பேசப்போகும் போர்ட்டர்கள் அவர்கள் அல்லர். அமெரிக்காவில் ஜார்ஜ் புல்மன் என்னும் முதலாளி, 1860களில் படுக்கை வசதி கொண்ட ரயில்பெட்டிகளைக் கட்டி, ரயில்வே நிறுவனங்களின் வண்டிகளில் இணைத்து ஓட்டலானார். அப்பெட்டிகளில் பயணிகளுக்குப் படுக்கை விரித்தல், காலணிகளுக்கு மெருகிடுதல், சட்டையைத் துடைத்துவிடுதல், நள்ளிரவில் மணியடித்தால் ஓடுதல் ஆகிய பணிகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1865இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களைப் புல்மன் இப்பணிக்கு அமர்த்தினார். பணிவிடை செய்து பழகியவர்கள், குறைந்த கூலிக்கு வருவார்கள் என்பது அவர் கணக்கு. பயணிகள் அவர்களுள் ஒருவரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லாரையும் ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தனர். அடிமையை எசமானின் பெயரால் அழைக்கும் பழைய வழக்கத்தின் மிச்சம் அது. புல்மன் 1897இல் மறைந்தபின் நிறுவனத்தின் தலைவராக வந்தவர் ராபர்ட் டாட் லிங்கன். அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த ஆபிரகாம் லிங்கனின் மைந்தர் அவர். வரலாறு சில வேளைகளில் இப்படியும் நகையாடும்.

1920களில் போர்ட்டர்களின் எண்ணிக்கை சுமார் 12,000. அமெரிக்காவில் வேறெந்தத் தனியார் நிறுவனமும் இத்தனை கறுப்பினத்தவர்க்கு வேலை கொடுக்கவில்லை. அவர்கள் மாதத்திற்கு 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் பணிசெய்ய வேண்டும். கணக்குப் பாடம் எடுக்கும் பழக்கத்தால் வகுத்துப் பார்த்தேன்: ஒரு நாள்கூட விடுப்பின்றி முப்பது நாளும் உழைத்தால் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிக்கு மேல் வருகிறது. 1926இல் அடிப்படை மாத ஊதியம் 67 டாலர் 50 சென்ட். மணிக்குச் சுமார் 17 சென்ட். வண்டி புறப்படுமுன் பெட்டியை ஆயத்தம் செய்யும் மணிக்கணக்கான வேலைக்குத் தனியே ஊதியமில்லை. பயணிகளின் காலணிக்குப் பூசும் மெருகை விலை கொடுத்து வாங்க வேண்டியவரும் போர்ட்டரே. பயணிகள் கொடுக்கும் அன்பளிப்புக் காசைக்கொண்டே குடும்பம் நடந்தது. கையேந்தாமல் வாழ வழியில்லாதபடி ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய ஜி.ஐ.பி. ரயில்வே தாழ்த்தப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் டாக்டர் அம்பேத்கர் ஆற்றிய தலைமையுரையை நம்மில் பலர் படித்திருப்போம். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளரின் இரு பகைகள் என்று அவர் கூறியது அவ்வுரையிலேதான். அதே உரையில், தீண்டப்படாத தொழிலாளி ரயில்வேயில் கேங்மேனாகவே கிடந்து உழல நேர்வதையும், நிலையப் போர்ட்டர் வேலைகூட அவனுக்குக் கிட்டாததையும் எடுத்துக்காட்டினார். ஏனெனில் நிலைய அதிகாரி போர்ட்டரைத் தம் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். தீண்டப்படாதவனை வீட்டிற்குள் விட அவருக்கு மனமிராது. அங்கே பணிவிடை செய்பவன் என்பதால் கறுப்பினத்தவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, இங்கே பணிவிடை செய்தாலும் தீட்டு என்பதால் நம்மவனுக்கு மறுக்கப்பட்டது. என் தந்தையார் கேங்மேனாகவே ஓய்வு பெற்றவர். ஆதலால் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் தண்டவாளத்தில் சுத்தியல் விழும் ஓசை என் செவியில் கேட்கும்.

இனி, பணம் பற்றிய கதைக்கு வருவோம். கறுப்பின மக்களுக்குப் பணம் கொடுத்து வந்தவர்களுள் புல்மன் நிறுவனமும் ஒன்று என்றால் வியப்பாக இருக்கும். சிகாகோ அதன் தலைமையிடம். அந்நகரில் கறுப்பினத்தவருக்கான மருத்துவமனைக்கும், கிறிஸ்தவ இளைஞர் சங்கத்துக்கும் நிறுவனம் நன்கொடை வழங்கியது. திருச்சபைகள் சிலவும் அதன் ஆதரவைப் பெற்றன. பத்திரிகைகளுக்கு விளம்பரம் கிடைத்தது. இந்நன்கொடைகளால் நன்மை விளையவில்லை எனக் கூறுவது நேர்மையாகாது. நோயாளிகள் குணமடைந்தார்கள், இளைஞர்களுக்குத் தங்க இடம் கிடைத்தது. ஆனால் போர்ட்டர்கள் சங்கம் அமைக்க முயன்றபோது, சிகாகோவின் பாதிரிமார்களுள் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தனர். ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்னும் புகழ்பெற்ற கறுப்பினப் பத்திரிகைகூட 1927இன் பிற்பகுதி வரை சங்கத்திற்கு எதிராகவே நின்றது. சமூகத்தின் தலைவர்களை நிறுவனம் வளர்த்திருந்தது. ஆனால் அவர்கள் யாருடைய தலைவர்கள் என்னும் வினாவிற்கு விடை அன்று தெரிந்தது. டாக்டர் வில்லியம் குக் என்ற பாதிரியார் தம் ஆலயத்தின் கதவைச் சங்கத்திற்குத் திறந்துவிட்டார். கறுப்பினத்தவரைக் கும்பல் கொலை செய்யும் கொடுமையை எதிர்த்து எழுதிய ஐடா வெல்ஸ் பார்னெட் அம்மையாரும் துணை நின்றார். இத்தகையோர் சிலரே.

நிறுவனமே ஊழியர்களுக்கென ஒரு பிரதிநிதித்துவத் திட்டத்தை நடத்திவந்தது. அதில் பேசலாம்; ஆனால் எதையும் பெற முடியாது. அதில் இருந்து அனுபவப்பட்ட போர்ட்டர் ஒருவர் ஆஷ்லி டாட்டன். நியூயார்க் நகரில் பணிபுரிந்த அவர் ஓர் உண்மையை உணர்ந்தார். போர்ட்டராக இருப்பவன் தலைமை ஏற்றால் மறுநாளே வேலை போகும். நிறுவனம் கைவைக்க முடியாத ஒருவர் வேண்டும். ஹார்லெம் தெருமுனைகளில் சோப்புப் பெட்டியின் மேல் நின்று பேசிவந்த ஆசா ஃபிலிப் ராண்டால்ஃப் அவர் கண்ணில் பட்டார். 1889இல் ஃபுளோரிடாவில் ஒரு ஏழைப் பாதிரியாரின் மகனாகப் பிறந்த ராண்டால்ஃப் அதுவரை போர்ட்டர் வேலை பார்த்தவரல்லர். 1917 முதல் ‘மெஸஞ்சர்’ என்ற பொதுவுடைமைச் சார்புள்ள திங்களிதழை நண்பர் ஒருவருடன் நடத்திவந்தார். அவரை வேலைநீக்கம் செய்ய யாராலும் இயலாது. ஏனெனில் அவருக்கு வேலையே இல்லை.

வேலையில்லாதவர் பத்திரிகை நடத்தியது எப்படி? அவர் துணைவியார் லூசில் கிரீன் ராண்டால்ஃப் அம்மையாரால். ஆசிரியப் பணியில் இருந்த லூசில், பின்னர் மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் கறுப்பினப் பெண் தொழிலதிபர் நடத்திய பயிற்சிக்கூடத்தில் கூந்தல் ஒப்பனைத் தொழில் கற்று, ஹார்லெமில் சொந்தமாக அழகு நிலையம் நடத்தினார். துணி வெளுத்துப் பிழைத்த நிலையிலிருந்து உயர்ந்து, தம் இனப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர்க்குத் தொழில் கற்பித்தவர் வாக்கர் அம்மையார். அவரிடம் கற்ற தொழிலால் லூசில் ஈட்டிய பணம், வீட்டு வாடகையாகவும் அச்சுக்கூலியாகவும் கணவரின் பயணச் செலவாகவும் ஆயிற்று. போர்ட்டர் சங்கத்தின் வரலாற்றை எழுதுவோர் ராண்டால்ஃபின் பேச்சாற்றலுக்குப் பக்கங்கள் பல ஒதுக்குகின்றனர். அவர் பேசிய காலமெல்லாம் அடுப்பெரிய வைத்த அம்மையாருக்கு ஒரு பத்தி போதும் என நினைக்கின்றனர். ஒரு தலைவருக்கு முதல் உதவித்தொகை கொடுத்த நிறுவனம் ஓர் அழகு நிலையம் என்று எழுதினால் அது மிகையாகாது.

1925 ஆகஸ்ட் 25 அன்று ஹார்லெமில் ஒரு மண்டபத்தில் சுமார் 500 பேர் கூடினர். கூட்டத்தில் நிறுவனத்தின் ஒற்றர்கள் இருப்பார்கள் என்பது யாவர்க்கும் தெரியும். ஆகவே ராண்டால்ஃப் ஒருவரே எல்லாம் செய்தார். இறைவணக்கம் கூறியவர் அவர், கூட்டத்தைத் தொடங்கிவைத்தவர் அவர், பேசியவர் அவர், முடித்துவைத்தவரும் அவரே. போர்ட்டர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று பிறந்ததே தூங்கும் பெட்டிப் போர்ட்டர்களின் சகோதரத்துவச் சங்கம். பேசாதிருந்த அந்த 500 பேரிலிருந்தும், அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோரிலிருந்தும் பேசக்கூடியவர்களை உருவாக்குவதே அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளின் வேலையாயிற்று.

அதற்குப் பணம் வேண்டும். சந்தா கொடுப்பது ஆபத்து. பட்டியல் வெளிப்பட்டால் வேலை போகும். அந்நிலையில் வெளியிலிருந்து ஓர் உதவி வந்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் கார்லண்ட் என்ற இளைஞர், தாம் உழைக்காமல் வந்த பரம்பரைச் சொத்து தமக்கு வேண்டாம் என மறுத்தவர். பின்னர் அதை ஏற்று, 1922இல் பொதுப்பணிக்கான நிதியம் ஒன்றை நிறுவுவதற்கு அளித்துவிட்டார். அந்நிதியம் கார்லண்ட் நிதியம் என்றே வழங்கப்பட்டது. அதன் குழுவில் கறுப்பினக் கவிஞரும் மக்கள் ஊழியருமான ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் இடம்பெற்றிருந்தார் என்பது கருதத்தக்கது. கொடுக்கும் மேசையில் பெறுவோரின் இனத்தைச் சேர்ந்த ஒருவர் அமர்ந்திருந்தார். இந்நிதியம் போர்ட்டர் சங்கத்திற்குச் சுமார் 10,000 டாலர் வழங்கியது. போர்ட்டர்களின் ஊதியம், செலவு, பணிநேரம் ஆகியவற்றை வல்லுநரைக் கொண்டு ஆராய்ந்து எழுதவும் பணம் தந்தது. ராண்டால்ஃப் நாடெங்கும் சென்று கிளைகள் அமைக்க அது பயன்பட்டது. சிகாகோவில் மில்டன் வெப்ஸ்டர், ஓக்லண்டில் சி. எல். டெல்லம்ஸ், செயின்ட் லூயிஸில் ஈ. ஜே. பிராட்லி, டிட்ராய்ட்டில் பென்னி ஸ்மித் என ஊர்தோறும் ஒரு தலைவர் உருவாயினர்.

கார்லண்ட் நிதியம் வேறொன்றும் செய்தது. நியூயார்க் மாநிலத்தில் கேட்டோனா என்ற சிற்றூரில் 1921இல் தொடங்கப்பட்ட புரூக்வுட் தொழிலாளர் கல்லூரியை அது பெரிதும் தாங்கி நின்றது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள் அங்கே தங்கி, பொருளியல், தொழிற்சங்க வரலாறு, பொதுப்பேச்சு ஆகியன கற்றனர். கறுப்பினத்தவரும் சேர்க்கப்பட்டனர், அக்காலத்தில் அது அரிது. 1937இல் கல்லூரி மூடப்பட்டது. போர்ட்டர் சங்கத்திற்காக ஊர் ஊராகச் சென்ற பேச்சாளர் ஃபிராங்க் கிராஸ்வெயித்தும் இத்தகைய தொழிலாளர் பள்ளி ஒன்றில், நியூயார்க்கின் ராண்ட் பள்ளியில், பயின்றவரே. தொழிலாளியை விடுவித்து வேறு உத்தியோகத்திற்கு அனுப்புவதற்காக அமைந்த பள்ளிகள் அல்ல இவை. தொழிலாளியைத் தன் தொழிலிடத்திற்கே, ஆனால் நிமிர்ந்தவனாக, திருப்பி அனுப்புவதற்காக அமைந்தவை. நானும் என் போன்ற ஆசிரியர்களும் இதற்கு நேர்மாறாகவே முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியுள்ளோம். நன்றாகப் படி, இந்த வேலையிலிருந்து தப்பித்துப் போ என்பதே நாங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னது. அது பிழை என்று நான் கூறவில்லை. சேரியில் பிறந்த பிள்ளை தப்பித்துப் போவதும் ஒரு வெற்றியே. ஆயினும் எல்லாரும் தப்ப முடியாது என்பதும், தங்கிவிட்டவர்க்கு நாங்கள் எதையும் கற்பிக்கவில்லை என்பதும் உண்மை.

வெளியாரின் பணம் தொடங்கி வைக்கும், ஆனால் தாங்காது. 1928இல் சங்கம் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக அறிவித்தது. அரசு தலையிடும் என எதிர்பார்த்தனர், அரசு தலையிடவில்லை. நிறுவனம் மாற்று ஆட்களை ஆயத்தமாக வைத்திருந்தது. கடைசி நேரத்தில் ராண்டால்ஃப் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார். உறுப்பினர்கள் மனம் உடைந்தனர். ‘மெஸஞ்சர்’ இதழும் அவ்வாண்டே நின்றது. அடுத்த ஆண்டு நாடெங்கும் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. கார்லண்ட் நிதியத்தின் பங்குப் பத்திரங்களும் மதிப்பிழந்தன. 1928இல் 4,632ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 1933இல் 658 ஆயிற்று. நியூயார்க் தலைமையகத்தில் வாடகை கட்ட இயலாமல் வெளியேற்றப்பட்டனர். பிராட்லி தம் வீட்டை இழந்து, சங்க அலுவலகத்தைத் தம் மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் வைத்து நடத்தினார்.

அந்த இருண்ட ஆண்டுகளில் சங்கத்தை உயிரோடு வைத்திருந்தவர் யாவர் எனத் தேடினால், மீண்டும் பெண்களிடமே வந்து சேர்கிறோம். போர்ட்டர்களின் மனைவியரும் உறவினப் பெண்களும் பொருளாதார மன்றங்கள் என்ற பெயரில் ஊர்தோறும் கூடினர். விருந்து சமைத்து விற்றனர். உலா ஏற்பாடு செய்தனர். கைவேலைப் பொருள்களைச் சந்தைப்படுத்தினர். அவ்வாறு சேர்ந்த சில்லறைக் காசே சங்கச் செயலாளர்களின் உணவும் ரயில் கட்டணமும் ஆயிற்று. வாஷிங்டன் நகரில் ரோஸினா டக்கர் என்ற அம்மையார் சுமார் 300 போர்ட்டர்களின் வீடுகளுக்கு நேரே சென்று, துண்டறிக்கைகளைக் கொடுத்து, சந்தாவை இரகசியமாக வாங்கி அனுப்பினார். கணவன் வண்டியில் இருக்கும்போது மனைவியிடம் வாங்கினால் ஒற்றன் அறிய மாட்டான் அல்லவா? செய்தி எப்படியோ நிறுவனத்திற்கு எட்டியது. அவர் கணவரை வேலையிலிருந்து நீக்கினர். ரோஸினா அம்மையார் மேற்பார்வை அதிகாரியின் அறைக்கே சென்று மேசையைத் தட்டி வாதாடினார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அடிமைகளாக இருந்தோரின் மகளாக 1881இல் பிறந்த இவர், 1987 வரை நூறாண்டு கடந்து வாழ்ந்தார். 1938இல் பெண்கள் மன்றங்கள் ஒரே துணைச் சங்கமாக இணைந்தபோது சிகாகோவின் ஹலீனா வில்சன் தலைவரானார். ரோஸினா செயலாளரும் பொருளாளருமானார். தொழிலாளர் கல்வியும் அத்துணைச் சங்கத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று.

விருந்து விற்ற காசுக்கும் நிதியத்தின் காசோலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிதியத்திற்கு ஆண்டுக்கொரு முறை அறிக்கை எழுதினால் போதும். சமைத்துக் கொடுத்த அம்மாவுக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஆலய வாசலில் பதில் சொல்ல வேண்டும். சங்கம் என்ன ஆயிற்று, கூட்டத்தில் என்ன பேசினாய், ஏன் தோற்றாய் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அவ்வாறு கேட்கப்பட்டவர்களே தலைவர்களாகத் தேறினர் என நான் கருதுகிறேன். எனினும், வெளியார் பணமே வேண்டாம் எனச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. அந்த 10,000 டாலர் இல்லையேல் வெப்ஸ்டரும் டெல்லம்ஸும் ஒருவரையொருவர் அறிந்திருக்கவே மாட்டார்கள். புல்மன் கொடுத்ததும் வெளியார் பணம், கார்லண்ட் கொடுத்ததும் வெளியார் பணம். முன்னது வாயை மூடக் கேட்டது, பின்னது அவ்வாறு கேட்கவில்லை.

1934இல் ரயில்வே தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டு, போர்ட்டர்களும் அதன் பாதுகாப்பிற்குள் வந்தனர். 1935இல் யார் தங்கள் பிரதிநிதி என்பதைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடந்தது. சகோதரத்துவச் சங்கத்திற்கு 5,931 வாக்குகள். நிறுவனத்தின் சார்பில் நின்ற சங்கத்திற்கு 1,422. 658 உறுப்பினராகச் சுருங்கிய சங்கத்திற்கு இத்தனை வாக்குகள் எங்கிருந்து வந்தன? சந்தா கட்ட அஞ்சியவர்களும் மனத்தில் உறுப்பினராகவே இருந்தனர் என்றே கொள்ள வேண்டும். 1937 ஆகஸ்ட் 25 அன்று, ஹார்லெமில் கூடிய நாளிலிருந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாதப் பணிநேரம் 400இலிருந்து 240ஆகக் குறைந்தது. முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு எட்டு மணி. ஊதிய உயர்வின் மொத்த மதிப்பு ஆண்டுக்கு 12 இலட்சம் டாலருக்கு மேல். ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்துடன் கறுப்பினத் தொழிலாளர் சங்கம் செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் இதுவே.

இதன் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை, சுருங்கக் கூறுவேன். 1941இல் போர்த் தளவாடத் தொழிற்சாலைகள் கறுப்பினத்தவரை வாயிலிலேயே திருப்பி அனுப்பின. பல்லாயிரம் கறுப்பினத்தவரைத் திரட்டி வாஷிங்டன் நோக்கி அணிவகுப்போம் என ராண்டால்ஃப் அறிவித்தார். ஊர்விட்டு ஊர் செல்லும் போர்ட்டர்களே அச்செய்தியை நாடெங்கும் பரப்பினர். ஜூன் 25 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 8802ஆம் ஆணையைப் பிறப்பித்து, போர்த் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தார். அதைக் கண்காணிக்க அமைந்த குழுவில் சிகாகோவின் மில்டன் வெப்ஸ்டர் உறுப்பினராக அமர்ந்தார். ஒரு காலத்தில் பெட்டியில் படுக்கை விரித்தவர் தொழில் அதிபர்களை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்டார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வேலைக்கும் விடுதலைக்குமாக வாஷிங்டனில் நடந்த பேரணிக்குத் தலைமை தாங்கியவரும் ராண்டால்ஃபே. லூசில் அம்மையார் அதனைக் காணவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்தார். புல்மன் நிறுவனம் 1968 இறுதியில் படுக்கைப் பெட்டிச் சேவையை நிறுத்தியது. 1978இல் சங்கம் வேறொரு பெரிய ரயில்வே ஊழியர் சங்கத்துடன் இணைந்தது. ராண்டால்ஃப் 1979இல் காலமானார்.

தலைநகரத்தில் நிகழ்ந்தவற்றைவிட, அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்ற ஊரில் நிகழ்ந்ததே எனக்கு இவ்வரலாற்றின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. ஈ. டி. நிக்ஸன் என்ற போர்ட்டர் அவ்வூரினர். பள்ளியில் மிகக் குறைந்த காலமே படித்தவர். 1928இல் செயின்ட் லூயிஸ் நகரில் தம் வண்டி தங்கியபோது, ராண்டால்ஃபின் கூட்டம் ஒன்றிற்குத் தற்செயலாகச் சென்றார். கேட்டார், தட்டு வந்தபோது அதில் ஒரு டாலர் இட்டார். அவர் மாண்ட்கோமரிக்குத் திரும்பும் முன்பே செய்தி அவருடைய அதிகாரிக்கு எட்டியிருந்தது. அதிகாரி எச்சரித்தபோது, கூட்டத்திற்குச் சென்றது மட்டுமன்று, சங்கத்திலும் சேர்ந்துவிட்டதாக நிக்ஸன் கூறினார். பின்னர் அவ்வூர்க் கிளையின் தலைவரானார். சங்கம் கற்பித்த கணக்கும், மனு எழுதும் முறையும், அதிகாரி முன் நின்று பேசும் துணிவும் கொண்டு, கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதிவு செய்யும் பணியிலும் ஊர் உரிமைச் சங்கத்திலும் கால் நூற்றாண்டு உழைத்தார். அச்சங்கத்தில் அவருடன் செயலாளராக இருந்தவர் ரோஸா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளி.

1955 கோடையில் ரோஸா பார்க்ஸ் டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில் இருந்த ஹைலண்டர் பள்ளிக்குச் சென்றார். 1932இல் தொழிலாளர் தலைவர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கப்பட்ட பள்ளி அது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர் என்பதே அதன்மேல் சுமத்தப்பட்ட பெருங்குற்றம். துணிக்கடை ஒன்றில் தைத்துப் பிழைத்த அவரால் செலவைத் தாங்க இயலாது. ஊரில் நண்பர் ஒருவர் முயன்று உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தார். பயிற்சி இரண்டு வாரத்திற்கும் மேற்பட்டதன்று. தேர்வு இல்லை, சான்றிதழை எதிர்பார்த்து அவர் சென்றதாகவும் தெரியவில்லை. டிசம்பர் முதல் நாள் மாலை, பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துச் சிறைப்பட்டார். அவரை ஜாமீனில் மீட்கக் காவல் நிலையத்திற்கு விரைந்தவர் நிக்ஸன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியற்காலையிலேயே நிக்ஸன் தொலைபேசியில் ஊரின் பாதிரிமார்களை ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார். அவர்களுள் ஒருவர் ஊருக்குப் புதிதாக வந்திருந்த 26 வயது இளைஞர் மார்ட்டின் லூதர் கிங். சிறிது யோசித்துச் சொல்கிறேன் என்றார் கிங். நிக்ஸன் மற்றவர்களை அழைத்து முடித்துவிட்டு மீண்டும் கிங்கை அழைத்தார், அவர் இசைந்தார். கூட்டம் அவருடைய ஆலயத்திலேயே நடப்பதென ஏற்பாடாயிற்று. சில நாள் கழித்துப் பாதிரிமார்கள் தம் பெயர் வெளியே தெரியாமல் போராட்டம் நடத்தலாமா எனத் தயங்கியபோது, வெள்ளையர் வீட்டுத் துணியை வெளுத்து இத்தனை காலம் உங்களைக் காப்பாற்றிய பெண்களுக்கு நீங்கள் காட்டும் நன்றி இதுதானா என்ற பொருள்படக் கடிந்து பேசியவரும் நிக்ஸனே. அவர் புதிய அமைப்பின் பொருளாளரானார். படித்தவர்கள் தம்மைத் தக்கபடி மதிக்கவில்லை என்ற மனக்கசப்போடு 1957இல் அப்பொறுப்பிலிருந்து விலகவும் செய்தார். பி.ஏ., பி.எட். பட்டம் பெற்ற நான் அச்செய்தியைப் படித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

381 நாட்கள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பின் முதற்கூட்டம் அந்த வெள்ளிக்கிழமை மாலை கிங்கின் ஆலயத்தில் கூடிற்று. ஐம்பது பேர் அளவில் வந்தனர். கூட்டத்தைக் கூட்டிய நிக்ஸன் அதில் இல்லை. அன்று அவருக்குப் பணிமுறை. போர்ட்டர் சீருடை அணிந்து தம் வண்டியில் ஏறிச் சென்றிருந்தார்.